பேசினது பேசினபடி

வினிதாவின் அம்மா பேசுவது தமிழே இல்லை என்று ஒரு புரோகிராம் முடிவு செய்திருந்தது.

காலையில் அலுவலகத்துக்கு வந்து கம்ப்யூட்டரைத் திறந்ததும் அவள் கண்ணில் பட்டது அதுதான். 'செவி' என்ற திட்டத்தின் பக்கத்தில், அவளும் அவள் ஊரான ஹனூர்க்காரர்களும் மாதக்கணக்கில் சேர்த்துக் கொடுத்திருந்த குரல் பதிவுகளில் முக்கால்வாசியைக் காணோம். அவை இருந்த இடத்தில் ஒரு வரி மட்டும் இருந்தது. "தமிழ் அல்லாத பதிவுகள் வடிகட்டி மூலம் நீக்கப்பட்டன." நீக்கப்பட்டவற்றில் முதலாவது அவள் அம்மா நஞ்சம்மாவின் குரல்.

வினிதா ஹெட்போனை மாட்டிக்கொண்டு தன்னிடமிருந்த பிரதியைக் கேட்டாள்.

"எங்க எருமைக்குக் கெச்சலு பாவு வந்திருக்குதுங்க. காம்பெல்லாம் கல்லாட்டம் இருக்குது. டாக்டர பேகனே வரச் சொல்லுங்க."

கெச்சலு பாவு என்றால் மடிவீக்க நோய். பேகனே என்றால் சீக்கிரமாக. இரண்டும் கன்னடச் சொற்கள். கர்நாடகத்தில் ஹனூர்ப் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களில் யாரைக் கேட்டாலும் மாட்டுக்கு வரும் அந்த நோய்க்கு அதுதான் பெயர் என்பார்கள். கன்னடம் பேசும் மாட்டு டாக்டரிடமிருந்து வந்த சொல், அப்படியே தங்கிவிட்டது.

அவள் வேலை பார்த்த சின்னக் கம்பெனி மைசூரில், தேவராஜ மொஹல்லாவில் ஒரு விதைக்கடையின் மாடியில் இருந்தது. விவசாயிகளுக்காக ஒரு கால்நடை உதவி எண்ணை அது நடத்திவந்தது. மாட்டுக்கோ ஆட்டுக்கோ உடம்பு சரியில்லை என்றால், அந்த எண்ணுக்குப் போன் செய்து என்ன ஏது என்று சொல்லிவிட்டு வைத்துவிடலாம். கம்ப்யூட்டர் அதை எழுத்தாக்கி அந்தப் பகுதி டாக்டரின் போனுக்கு அனுப்பும். வருகிற குரலையெல்லாம் உட்கார்ந்து கேட்க டாக்டருக்கு நேரம் கிடையாது. எழுத்து என்றால் பைக்கை நிறுத்திய இடத்திலேயே பார்த்து, எது அவசரமோ அங்கே போய்விடுவார். ஹனூர் டாக்டருக்குத் தமிழ் கேட்டால் புரியும், படிக்க வராது. அதனால் தமிழில் பேசியதும் கன்னட எழுத்தில்தான் போகும்.

கன்னடத்தில் பேசினால் எல்லாம் ஒழுங்காக நடந்தது. தமிழில் பேசினால் டாக்டருக்குப் போய்ச் சேர்ந்ததெல்லாம் குப்பை. "மடி வீங்கியிருக்குது" என்பது ஒருமுறை "மாடி வாங்கியிருக்குது" என்று போய், டாக்டர் திருப்பிக் கூப்பிட்டு யார் வீட்டுக்கு என்று கேட்டிருந்தார். அலுவலகத்தில் எல்லோரும் சிரித்தார்கள். வினிதாவுக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த மாடு செத்துப்போனது அவளுக்குத் தெரியும்.

அப்போதுதான் அவள் செவியைத் தேடிப் பிடித்தாள். தமிழ்ப் பேச்சை எழுத்தாக்கும் ஓப்பன் சோர்ஸ் திட்டம் அது. யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம், யார் வேண்டுமானாலும் சேர்ந்து வேலை செய்யலாம். சென்னையிலிருந்து உதயகுமார் என்பவர் நடத்திவந்தார். தங்கள் ஊர்ப் பேச்சையும் கொடுத்தால் அதன் 'மாடல்', அதாவது கேட்டுக் கேட்டு எழுதப் பழகும் புரோகிராம், கற்றுக்கொள்ளும் என்று நம்பி வினிதா ஆள் திரட்டினாள். ஹனூரில் டிராக்டர் உதிரிபாகக் கடை வைத்திருந்த சித்தப்பா மகன் கவின்ராஜ், கடைக்கு வருகிறவர்களையெல்லாம் பிடித்துப் பேச வைத்துப் பதிவு செய்தான். மைசூரில் ஒரு கல்லூரியில் புள்ளியியல் பேராசிரியராக இருந்த ஸ்ரீவத்ஸன் எழுத்துகளைச் சரிபார்த்தார்.

அதில் பெரும்பகுதிதான் இப்போது தமிழ் அல்ல என்று வெளியே கிடந்தது.

மத்தியானம் அம்மாவிடமிருந்து போன் வந்தது. கவின்ராஜ் அதற்குள் சொல்லியிருந்தான்.

"நான் பேசறது தமிழு இல்லையாமா?"

"ஆமாம்மா. மெசினு அப்படிச் சொல்லிருச்சு."

"அப்புறம் நீ எந்தப் பாசையில கண்ணு பேசப் பழகுனே?" என்றாள் நஞ்சம்மா. வினிதா பதில் சொல்வதற்குள், எருமைக்குத் தண்ணி காட்ட வேண்டும் என்று வைத்துவிட்டாள்.

சனிக்கிழமை உதயகுமாரோடு வீடியோவில் பேச ஏற்பாடானது. ஸ்ரீவத்ஸன் அலுவலகத்துக்கே வந்து வினிதாவின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். "சும்மனே சண்டைக்குப் போகாதே. நல்ல மனுஷர் அவர், ஏதோ கைத்தவறு, அல்வா?" என்று கன்னடம் கலந்து முன்கூட்டியே சொல்லிவைத்தார். அல்வா என்றால் கன்னடத்தில் 'இல்லையா'.

திரையில் தெரிந்த உதயகுமாருக்கு நாற்பது வயதிருக்கும். தூக்கம் போதாத முகம். மடியில் கைக்குழந்தை.

"உங்க உழைப்பை நான் குறைச்சுச் சொல்லலை, வினிதா," என்று தொடங்கினார். "ஆனா இந்த மாடலை எங்கெங்கேயோ இருக்கிற தமிழர்கள் பயன்படுத்தறாங்க. 'பேகனே'ன்னு ஒரு வார்த்தையை அது கத்துக்கிச்சுன்னா, நாளைக்கு மதுரையில ஒருத்தர் 'வேகமா'ன்னு சொல்றப்போ 'பேகனே'ன்னு எழுதி வைக்கும். மொத்த டேட்டாவும் கெட்டுப் போயிடும்."

"மதுரைக்காரங்க இங்கிலீஷ் கலந்துதானே பேசியிருக்காங்க? 'டிரெயின் லேட்டு'ன்னு ஒருத்தர் சொல்றாரு. அது உள்ளதான இருக்குது?"

"இங்கிலீஷ் வேற. அது எல்லாருக்கும் புரியும்."

"எங்களுக்குக் கன்னடம் புரியுமுங்க."

உதயகுமார் குழந்தையைத் தோளுக்கு மாற்றிக்கொண்டார். "நான் ஆளைப் பார்த்து எடுக்கலை. வடிகட்டிதான் எடுத்துச்சு."

"வடிகட்டிய எழுதினது யாருங்க?"

உதயகுமார் குழந்தையின் முதுகைத் தட்டிக்கொடுத்தார். பிறகு ஒரு சமாதானத்துக்கு வந்தார். "ஒரு வழி இருக்கு. குரல் அப்படியே இருக்கட்டும். எழுத்தை மட்டும் மாத்திடலாம். 'கெச்சலு பாவு' வர்ற இடத்துல 'மடிநோய்'. 'பேகனே'க்கு 'விரைவாக'. பதிவுகளும் திரும்ப வந்துடும், தமிழும் ஒழுங்கா இருக்கும்."

ஸ்ரீவத்ஸன் தலையை ஆட்டத் தொடங்கியிருந்தார். வினிதா அவரைப் பார்க்காமலே பேசினாள்.

"எங்கம்மா மடிநோய்னு சொல்லவே இல்லீங்க. டாக்டருக்கு மடிநோய்னு போனா எந்த நோயின்னு அவருக்குப் புரியாது. திருப்பி எங்கம்மாகிட்ட மடிநோயான்னு கேட்டா அவங்களுக்கும் புரியாது. அப்புறம் அது யாருக்குங்க?"

"திட்டம்னா ஒரு தரம் வேணும்."

"இதுல தரமில்லாதது எதுங்க? எங்கம்மாவா?"

"வினிதா," என்றார் ஸ்ரீவத்ஸன் மெல்ல.

உதயகுமாரின் குரல் முதல்முறையாக உயர்ந்தது. "இதை நான் சம்பளமில்லாம, லீவு நாள்ல, குழந்தையை வச்சுக்கிட்டு நடத்தறேன். ஊருக்கு ஒரு விதி வைக்க என்னால ஆகாது. பிடிக்கலைன்னா ஃபோர்க் பண்ணிக்கோங்க. உரிமம் தடுக்கலை."

ஃபோர்க் என்றால் திட்டத்தை அப்படியே நகலெடுத்துத் தனியாக நடத்துவது. ஓப்பன் சோர்ஸில் அது எல்லோருக்கும் உள்ள உரிமை. ஆனால் அதை ஒருவர் இன்னொருவரிடம் சொன்னால், பெரும்பாலும் 'பேச்சை நிறுத்து' என்றுதான் பொருள். அப்படிக் கிளம்பிப் போனவர்களில் அநேகம் பேர் ஆளும் இல்லாமல் கம்ப்யூட்டரும் இல்லாமல் பாதியில் நின்றுபோனவர்கள். அது மூன்று பேருக்கும் தெரியும்.

"சரிங்க," என்றாள் வினிதா. "போறோம்."

படியிறங்கும்போது ஸ்ரீவத்ஸன் வெடித்தார். "போறோம்னு சொன்னியே, என்னைக் கேட்டியா? அந்த மாடலுக்குப் பின்னாடி எத்தனை பேர் வேலை இருக்கு தெரியுமா? நாம மூணு பேர் என்ன பண்ணிக் கிழிக்கப் போறோம்?"

"நீங்க தலையாட்டினதைப் பார்த்தேன் சார். அதான் கேக்கல."

அவர் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போய்விட்டார். பூக்கடைகளின் நெரிசலில் வினிதா தனியாக நின்றாள். பயமாக இருந்தது. ஆனால் சொன்னதைத் திருப்பி எடுத்துக்கொள்ள வேண்டும் என்று ஒரு கணமும் தோன்றவில்லை. அறைக்குப் போய் நகலெடுக்கும் பொத்தானை அழுத்தினாள். அது அவ்வளவு சுலபமாக இருந்தது அவளுக்கே ஆச்சரியம்.

அடுத்த வாரம் ஸ்ரீவத்ஸன் திரும்பி வந்தார். உட்காரக்கூட இல்லை, பென்டிரைவை மேஜைமேல் வைத்தார்.

"செவியில என் குரலும் இருக்கு. வடிகட்டி என்னை எடுக்கலை. ஏன்னு என் பதிவைப் போட்டுக் கேட்டேன். நான் அதுல நியூஸ் வாசிக்கிற மாதிரி பேசியிருக்கேன். ஆத்துல ஆண்டாளோட ஒரு வார்த்தை அப்படிப் பேசினதில்லை." ஆண்டாள் அவர் மனைவி. "இதுல நாங்க ரெண்டு பேரும் பேசறோம். எங்க ஊர் மேல்கோட்டைத் தமிழ், நடுவுல கன்னடம், கோபம் வந்தா இங்கிலீஷ். எல்லாம் இருக்கு. திருத்தாம போடு."

புதிய கிளைக்கு என்ன பெயர் வைப்பது என்று பேச்சு வந்தது. அந்த அலுவலகத்தில் உதவி எண்ணின் மென்பொருளை எழுதியவள் ஸ்மிதா. கன்னடக்காரி. தமிழ் கேட்டால் பாதி புரியும். அவள்தான் தன் மேஜையிலிருந்தே கன்னடத்தில் சொன்னாள், "செவிக்கு எங்க பாஷையில கிவி. அதையே வையுங்களேன்."

"பழம்னு நினைச்சுப்பாங்க," என்றார் ஸ்ரீவத்ஸன்.

"நினைச்சுக்கட்டும்," என்றாள் வினிதா. கிவி என்றே வைத்தார்கள். ஸ்மிதாவும் அன்றே சேர்ந்துகொண்டாள். "உங்க மக்கள் பேசறதுல எது கன்னடம்னு சொல்ல ஓர் ஆள் வேணுமில்லையா? ஆனா ஒண்ணு, என் பேரை உதவின்னு போடக்கூடாது. உங்களுக்குச் சமமாப் போடணும்."

வினிதா கிவியின் முதல் பக்கத்தில் விதிகளை எழுதினாள். பேசினது பேசினபடி எழுத வேண்டும். ஒவ்வொரு பதிவையும் இரண்டு பேர் தனித்தனியாகக் கேட்டு எழுத வேண்டும். இருவருக்கும் ஒத்துவராவிட்டால் படித்தவர் யார் என்று பார்க்கக் கூடாது, பேசியவரிடமே கேட்க வேண்டும். குரல் கொடுத்தவர் எப்போது வேண்டுமானாலும் அதைத் திரும்பப் பெறலாம்.

எழுதுவது எளிதாக இருந்தது. ஹனூரில் முதல் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்திலேயே விதிகளுக்குச் சோதனை வந்தது. கவின்ராஜின் கடையில் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, டயர்களுக்கும் எண்ணெய் டின்களுக்கும் நடுவே பத்துப் பதினைந்து பேர் போனும் ஹெட்போனுமாக உட்கார்ந்திருந்தார்கள். கெச்சலா, கெச்சலுவா என்று சண்டை கிளம்பியது.

"கெச்சல்னு எழுதுனாப் போதும். கடைசில வர்ற 'லு' எதுக்கு?" என்றான் கவின்ராஜ்.

"எங்கூட்டுல 'லு' இல்லாம சொல்ல மாட்டோம்," என்றாள் பாக்கியலட்சுமி. அவள் அங்கே தையல் கடை வைத்திருந்தாள். பதிவுகளை எழுதுவதில் அவளைவிட வேகம் யாருக்கும் இல்லை.

"அக்கா, நீ சொல்லு. ஒண்ணுன்னு முடிவு பண்ணு. இல்லைன்னா மெசினுக்குக் கொழப்பமாயிரும்."

எல்லோரும் வினிதாவைப் பார்த்தார்கள். சுலபமாக ஒன்றைச் சொல்லிவிட்டு முடித்திருக்கலாம். உதயகுமாரும் இப்படித்தான் ஒருநாள் களைத்துப்போய் ஒன்றை முடிவு செய்திருப்பார் என்று அவளுக்குத் தோன்றியது.

"நான் சொல்ல மாட்டேன். கெச்சல்னு சொன்னவங்களுக்கு கெச்சல். கெச்சலுன்னு சொன்னவங்களுக்கு கெச்சலு. கொழப்பத்த மெசினு படட்டும். அதுக்குத்தான அத வெச்சிருக்கறோம்?"

கவின்ராஜ் முறைத்துக்கொண்டே ஹெட்போனை மாட்டினான். அன்று சாயங்காலம் மைசூர் பஸ்ஸில் வரும்போது வினிதாவின் தொண்டை கட்டிப்போயிருந்தது.

கல்லூரிக்கு விடுமுறை விட்டதும் ஸ்ரீவத்ஸன் ஆய்வுக்கூடத்துக் கம்ப்யூட்டர்களுக்கு முறைப்படி அனுமதி வாங்கினார். ஸ்மிதா அங்கே மாடலுக்குப் பயிற்சி கொடுத்தாள். முதல் முடிவை மூன்று பேரும் சேர்ந்து பார்த்தார்கள். உதயகுமார் சொன்னது அப்படியே பலித்திருந்தது. "பஸ்ஸு வேகமாப் போகுது" என்றால் "பஸ்ஸு பேகனே போகுது" என்று எழுதியது. "பையனுக்குப் பொண்ணு பார்க்கறோம்" என்றால் பையனுக்குப் பாவு, அதாவது வீக்கம், வந்துவிட்டது.

அந்தச் செய்தி எப்படியோ வெளியே போனது. செவியின் விவாதப் பக்கத்தில் ஒருவர், தமிழைக் கன்னடக்காரர்களுக்கு விற்றுவிட்டார்கள் என்று எழுதினார். அதே வாரம் இன்னொருவர் கிவியின் பக்கத்துக்கே வந்து, கர்நாடகத்தில் இருந்துகொண்டு தமிழ் எதற்கு, ஊரைப் பார்த்துப் போகலாமே என்று எழுதினார். பதிவு எழுதிக்கொண்டிருந்தவர்களில் சிலர் வம்பு வேண்டாம் என்று ஒதுங்கிக்கொண்டார்கள். ஸ்ரீவத்ஸன் இரண்டையும் அழித்துவிடச் சொன்னார்.

வினிதா அழிக்கவில்லை. இரண்டுக்கும் கீழே ஒரே பதிலைப் போட்டாள். "நாங்கள் எங்கேயும் போகவில்லை, யாருக்கும் எதையும் விற்கவில்லை. இங்கே எல்லாமே திறந்து கிடக்கிறது. பிழை கண்டால் திருத்திக் கொடுங்கள். குரல் இருந்தால் பேசிக் கொடுங்கள். இரண்டும் இல்லையென்றால் வழி விடுங்கள், வேலை இருக்கிறது."

பிழையைக் கண்டுபிடித்தவள் ஸ்மிதா. பதிவுகளை வரிசையாகக் கேட்டுக்கொண்டே வந்தவள் நிமிர்ந்தாள். "இவங்க எல்லாரும் நோய் வந்த மாட்டைப் பத்தியே பேசறாங்க. இது அதை மட்டுமே கேட்டு வளர்ந்திருக்கு. வேற எதைச் சொன்னாலும் அதுக்கு மாடுதான் தெரியும்."

"கன்னடம் கலந்ததால இல்லையா?" என்றார் ஸ்ரீவத்ஸன்.

"இல்லை சார். நாம கொஞ்சமாக் கொடுத்ததால."

மறுநாளே வினிதா கவின்ராஜுக்குப் போன் செய்தாள். "மாட்ட விடு. சண்டையப் பதிவு பண்ணு. கல்யாணப் பேச்சு, பஸ்ஸு, சந்தை, சீரியல் கதை, மருமகளப் பத்தின பேச்சு, எதுன்னாலும் சரி. அவங்க சம்மதிச்சாப் போதும்." பாக்கியலட்சுமியின் தையல் கடையில் அதற்குப் பஞ்சமே இருக்கவில்லை. ஒதுங்கிப் போனவர்களில் சிலர், தங்கள் பக்கத்து நியாயத்தைப் பதிவு செய்வதற்காகவே திரும்பி வந்தார்கள். நஞ்சம்மா தன் ஓரகத்தியைப் பற்றி அரை மணி நேரம் பேசினாள். பேசி முடித்துவிட்டு, இதை ஊருக்குப் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். விதிப்படி அது அழிக்கப்பட்டது. அடுத்த நாள் எருமையைப் பற்றி அரை மணி நேரம் பேசிக் கொடுத்தாள்.

மழைக்காலம் தொடங்கும்போது உதவி எண்ணில் கிவியை இணைத்தார்கள். முதல் வாரம் வினிதா வருகிற ஒவ்வொன்றையும் தானே பார்த்தாள். தப்புகள் இருந்தன. ஆட்டுக்குட்டி ஒருமுறை ஆட்டுக்கட்டி ஆனது. ஆனால் "கெச்சலு பாவு" "கெச்சலு பாவு" என்றே போனது. "வேகமா" என்று சொன்னவர்களுக்கு "வேகமா", "பேகனே" என்று சொன்னவர்களுக்கு "பேகனே".

ஹனூர் டாக்டர் ஒருநாள் தானாகவே அலுவலகத்துக்குப் போன் செய்தார். நேற்று ஒரு சேதி வந்த அரை மணி நேரத்துக்குள் போய்ச் சேர்ந்ததாகவும், இன்னும் கொஞ்சம் தாமதமாகியிருந்தால் அந்த எருமையின் மடி போயிருக்கும் என்றும் கன்னடத்தில் சொன்னார். "படிக்கிறப்போ அவங்க என் எதிர்ல நின்னு கத்தற மாதிரியே இருக்கு. என்ன மாத்தினீங்க?"

"ஒண்ணையும் மாத்தலை சார்," என்றாள் வினிதா. "அதைத்தான் செஞ்சோம்."

அதன்பிறகு கொஞ்ச நாளில் உதயகுமாரிடமிருந்து ஒரு நீண்ட செய்தி வந்தது. கிவியின் முடிவுகளை அவரே சோதித்துப் பார்த்திருந்தார். மதுரைப் பேச்சிலும் கிவி கெட்டுப்போகவில்லை என்று ஒளிக்காமல் எழுதியிருந்தார். தெலுங்கு கலந்து பேசும் ஓசூரிலிருந்தும் சித்தூரிலிருந்தும் தங்கள் பதிவுகள் ஏன் நீக்கப்பட்டன என்று கேட்டு எழுதுகிறார்களாம். இரண்டு திட்டங்களையும் மறுபடி ஒன்றாக்கிவிடலாம், கிவியின் பதிவுகளைச் 'செம்மையற்ற வட்டாரப் பேச்சு' என்று தனிப் பிரிவாக வைத்துக்கொள்ளலாம் என்பது அவர் யோசனை.

ஸ்ரீவத்ஸன் படித்துவிட்டு நிமிர்ந்தார். இந்த முறை அவர் தலையாட்டவில்லை. "செம்மையற்றன்னா?" என்றார். "நானும் ஆண்டாளுமா?"

வினிதா பதில் எழுதினாள். உதயகுமாரைக் காயப்படுத்த அவளுக்கு விருப்பமில்லை. அவர் கட்டிய வீட்டிலிருந்துதான் கிவி கிளம்பியது. அதை முதல் வரியிலேயே எழுதினாள். பிறகு எழுதினாள்: "கிவியில் இருப்பது எல்லாம் உங்களுக்கும் உரியது. எங்களைக் கேட்காமலே எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அந்தப் பெயர்ப்பலகைக்குக் கீழே நாங்கள் வந்து உட்கார மாட்டோம். ஓசூர்க்காரர்களையும் சித்தூர்க்காரர்களையும் இங்கே அனுப்புங்கள். நேரம் கிடைத்தால் நீங்களும் வாருங்கள். எங்களுக்குக் கைகள் போதவில்லை."

பல நாள் பதில் இல்லை. பிறகு ஒரு மத்தியானம் கிவியில் ஒரு திருத்தம் வந்து நின்றது, ஒரு சின்னப் புரோகிராம் பிழைக்கான திருத்தம். அனுப்பியவர் பெயர் உதயகுமார். வேறு ஒரு வார்த்தை இல்லை. ஸ்மிதா அதைச் சரிபார்த்து, எல்லோருக்கும் போடுவதுபோல ஒரு நன்றி போட்டுச் சேர்த்துக்கொண்டாள்.

அந்த வாரமே தாளவாடியிலிருந்து ஒரு போன் வந்தது. எல்லைக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டுக்குள் இருக்கும் மலையூர் அது. வீட்டில் கன்னடம் பேசுகிறவர்கள் நிறைய. கூப்பிட்டவள் கௌரம்மா என்ற பள்ளி ஆசிரியை. ஸ்மிதா போனை ஸ்பீக்கரில் போட்டாள். கௌரம்மா பேசிய கன்னடத்தில் இரண்டு சொல்லுக்கு ஒரு சொல் தமிழ்.

"நாங்க பேசறது கன்னடமே இல்லைன்னு பெங்களூரு மெசினு சொல்லுது," என்றாள் அவள். "உங்ககிட்ட இதுக்கு ஏதோ இருக்காமே?"

ஸ்மிதா வினிதாவைப் பார்த்தாள். பிறகு நாற்காலியை மேஜைக்கு அருகே இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"இருக்கு மேடம்," என்றாள். "பேசுங்க. நான் எழுதிக்கறேன்."